சிவப்புக் குழாய்

ஜூலையில் எங்கள் வீட்டில்
சிவப்புக் குழாயைத் திறந்தால்தான் கை சுடாது.
நீலம் கொதிக்கும்.

கூரைத்தொட்டி பகலெல்லாம் வெயிலை விழுங்கி
நீலத்தின் வழியாக எங்கள் முகத்தில் துப்பும்.
ஹீட்டரை மே மாதமே அணைத்துவிட்டோம்.
குளியலறை மூலையில், சன்னல் இல்லாத இருட்டில்,
நேற்றைய தண்ணீரை
வயிற்றில் பொத்திவைத்துக்கொண்டு நிற்கிறது அது.
எண்பது லிட்டர். ஐந்து பேர்.
முதலில் குளிப்பது யார் என்பதுதான்
இந்த வீட்டின் அரசியல்.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு
துஹோக் மலையிலிருந்து வந்த ஷிலேர்
முதல் வாரம் நீலத்தை நம்பினாள்.
தோள் சிவந்து வெளியே வந்து
"உங்கள் பஸ்ராவில் தண்ணீர்கூடப் பொய் சொல்கிறது" என்றாள்.
பொய் இல்லையடி,
இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஐந்து ஆம்பியர் வாங்குகிறோம்.
தெருமுனையில் டீசல் குடித்து உறுமும் ஜெனரேட்டர்
ஃபாலிஹுக்குச் சொந்தம்.
ஒன்றாம் தேதி நோட்டுப்புத்தகத்தோடு வருவான்;
தேநீர் குடிப்பான், விலையைக் குறைக்க மாட்டான்.
ஃபிரிட்ஜுக்கு ஒன்றரை.
வைக்கோல் கூலருக்கு இரண்டு.
மிச்சத்தில் ஃபேன், பல்பு,
பரீட்சைக்குப் படிக்கும் ரஃபலின் மேசைவிளக்கு.
இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால்
வீடே பொட்டென்று அணையும்.
அதனால் கசங்கிய சட்டையோடுதான்
துறைமுகத்துக்குப் போகிறார் என் கணவர்.

பக்கத்து வீடு எட்டு ஆம்பியர்.
அவர்கள் ஏசியின் பின்புறம்
எங்கள் சன்னலைப் பார்த்து மூச்சுவிடும்.
அவர்கள் அறையில் எடுத்த சூட்டையெல்லாம்
எங்கள் அறைக்குள் கொட்டும்.
திருப்பி வையுங்கள் என்று கேட்டேன்.
சுவர் எங்களுடையது என்றாள் உம்மு ஸஜ்ஜாத்.
மூன்று கோடை, பேச்சில்லை.
அந்த ஏசி சொட்டும் தண்ணீருக்கு மட்டும்
என் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தேன்.
துணி அலச ஆகும்.
கோபம் வேறு, வாளி வேறு.

பிறகு ஷர்ஜி வந்தது.
வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்துவரும் தெற்குக் காற்று;
சுவர் வியர்க்கும், ரொட்டி நமுக்கும்,
உப்புக் கல்லாகும்.
காற்றே நனைந்திருக்கையில்
நனைந்த வைக்கோல் எதைக் குளிரவைக்கும்?
கூலரை அணைத்தேன்.
தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தோம்.

நடுநிசியில் விழித்தபோது
சன்னலில் சூடில்லை.
வாளியில் சொட்டுச் சத்தமில்லை.
மூன்று வருடமாய் நான் சபித்த இரைச்சல்
இல்லாமல் தூக்கம் வரவில்லை எனக்கு.
சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை
அழுது அழுது தொண்டை வறண்டு
விக்கிக்கொண்டிருந்தது.
இரண்டு மாதப் பாக்கி,
ஃபாலிஹ் கம்பியைப் பிடுங்கிவிட்டான் என்று
சாயங்காலமே கடையில் பேசினார்கள்.
நானும் கேட்டுக்கொண்டு
வெள்ளரிக்காய் பொறுக்கினேன்.

ஷர்ஜியால் சும்மா கிடந்தது
கூலரின் இரண்டு ஆம்பியர்.
பெரிய மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம்.
நீட்டுவயரைச் சுவருக்கு மேல் எறிந்தேன்.
பூனையைத் துரத்துவதுபோல் "உஷ்" என்றேன்.
அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு வயர் மெல்ல இழுபட்டது,
தூண்டிலில் மீன் தொட்டதுபோல.
ஒரு ஃபேன் சுற்றத் தொடங்கியது;
இறக்கை எதிலோ உரசி
டக், டக், டக்.
விக்கல் அடங்கியது.

ஆறு இரவு அப்படி.
ஏழாம் நாள் காலை
வயர் சுருட்டி, நூலால் கட்டி,
என் வாளிக்குள் கிடந்தது.
ஒரு சொல் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை,
என்று சொன்னால் அது பொய்.

மத்தியானம்
ஏசி உறுமியது.
பழையபடி நெருப்பாய் ஒரு மூச்சு
என் கன்னத்தில்.

சன்னலைச் சாத்தினேன்.
வாளியை நகர்த்திவைத்தேன், சொட்டு விழும் இடத்துக்கு.
ரஃபல் குளித்து முடித்துவிட்டாளா என்று
கதவைத் தட்டிக் கேட்டு,
சிவப்பைத் திறந்தேன்.