கடிக்காத மரம்

லைக்கிப்பியாவின் கரிசலில் மழைக்கு மறுநாள்
செருப்பு அப்பி அப்பிக் கனக்கிறது.
தகடு எண் நானூற்றுப் பதினேழு.
கம்பால் மூன்று தட்டு,
முப்பது நொடி காத்திருப்பு,
எத்தனை எறும்பு வந்ததென்று எழுது.
இதற்குத்தான் சம்பளம்.

வேலிக்கு வெளியே இந்தக் கணக்கு லேசில்லை.
தட்டி முடிக்குமுன்
கையேறி, சட்டைக்குள் இறங்கி,
இமையோரம் பிடித்துத் தொங்குவார்கள்.
முள்ளின் அடி வீங்கி உருண்ட கறுப்பு அறைகளில் குடித்தனம்,
இலைக்காம்பில் ஊறும் தேன் கூலி.
யானை துதிக்கையை நீட்டும்,
உள்மூக்கில் கடி வாங்கிக்கொண்டு
புல்லே போதுமென்று போய்விடும்.
ஒட்டகச்சிவிங்கிதான் நாக்கைச் சுழற்றி
இரண்டு வாய் திருடும்,
தலையை உதறிக்கொண்டே நடக்கும்.

உள்ளே பத்து வருடமாக மின்கம்பி.
ஒரு கொழுந்தை யாரும் தொட்டதில்லை.
மரம் கொழிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
தட்டுகிறேன்.
முப்பது நொடி.
ஒருத்தர் வரவில்லை.

முள் குட்டையாகியிருக்கிறது.
தேன் ஊறிய புள்ளியில் விரல் வைத்தால் காய்ந்த தோல்.
பட்டையில் துளை, துளைக்குக் கீழே மாவு,
வண்டின் புழு உள்ளே அரைக்கிறது.
கூலியும் கேட்காத, காவலும் காக்காத
வேறொரு எறும்புக் கூட்டம்
அந்தத் துளைகளில் குடியேறியிருக்கிறது.

வேலி பயிரை மேய்ந்திருந்தால் சண்டை போடலாம்.
இது மேயவில்லை.
மேய விடவும் இல்லை.

கம்பிக்கு அந்தப்புறம் ஆடுகளோடு நின்ற
பர்முவாத்திடம் சொன்னேன். சிரித்தான்.
"போன வருஷம் சிங்கம் இந்தப் பக்கம் வரவேயில்லை.
நாய்க்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினேன்.
அது சந்தைக்குப் போய்
இறைச்சிக்கடை வாசலில் தங்கிவிட்டது.
பிறகு கழுதைப்புலி வந்தது. ஒன்பது ஆடு."
ஒன்பது என்றபோது சிரிப்பு நின்றிருந்தது.
"இதையும் எழுதிக்கொள்ளேன், நொலாரி."

என் தாளில் நாய்க்குக் கட்டம் இல்லை.
உயரம், சுற்றளவு, முள் நீளம், எறும்பு,
உயிருண்டா இல்லையா.

நண்பகலில் காற்று எழுந்தது.
வெளியே உள்ள மரங்கள் அடக்கமாகத்தான் ஊதும்,
வாசல்தோறும் ஆள் நிற்கிறதே.
நானூற்றுப் பதினேழோ
காலி அறை அத்தனையும் வாய் திறந்து
அடுத்த மேடுவரை கேட்க விசிலடித்தது.
போன வாரம் ஜீப்பில் வந்தவர்கள்
என்ன அழகு என்று பதிவு செய்துகொண்டு போனார்கள்.

பூஜ்யம் என்று எழுதினேன்.
கம்பிக் கதவைச் சாத்தி வெளியே வந்து
எண் இல்லாத, கணக்கில் சேராத ஒரு மரத்தில்
வேண்டுமென்றே கையை வைத்தேன்.
வந்தார்கள்.

இரவு உகாலியை
இடது கையால் கிண்டினேன்.