இருபத்தைந்தாம் தேதி

பி.காம். முதலாண்டு. ஆனாலும்
எல்லாத் துறைக்கும் பொதுவென்று ஆறு பாடம்,
ஆறுக்கும் ஆய்வுக் கட்டுரை.
மன்னார்குடி பேருந்து நிலையம் எதிரே
ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் முப்பத்தைந்து ரூபாய்;
மூன்றாவதிலிருந்து கடன்.

சோம்பலில்தான்
எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் எடுத்தேன்:
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள்.

சுற்றுச்சூழல் தாளில்
'நீர் கலங்கலாகக் காணப்பட்டது.'
கண்டது யாரென்று வாக்கியம் சொல்லாது.
நான்தான்,
முழங்கால் ஆழத்தில், காலி ஜூஸ் பாட்டிலோடு.
கெண்டைக்காலில் ஏறிய அட்டையை
உப்புப் போட்டு உதிர்த்தவள் ரெஜினா.
கட்டுரையில் அவளும் இல்லை, அட்டையும் இல்லை,
பிஎச் மதிப்பு இருக்கிறது.

'ஆதாரமில்லாமல் ஒரு வரி கூடாது'
என்றார் வரலாற்று ஷம்சாத் மேடம்.
பொதுப்பணித் துறைப் பதிவேடு சொன்னது
ஜூன் இருபத்தொன்று.
மதகடி லஸ்கர் அடைக்கலம் சொன்னார்,
'இருபத்தொம்பது பாப்பா. ராத்திரி பத்தரை.
பலகையத் தூக்குனதே நான்தான.'
பதிவேட்டில் முத்திரை இருந்தது.
அவர் உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது.
அடிக்குறிப்பில் எதைப் போடுவது?

புள்ளியியல் சார் தயங்கவேயில்லை:
'ரெண்டையும் கூட்டு. ரெண்டால வகு.'
இருபத்தைந்து.
மீதியில்லாமல் வந்தது.
நீலக் கோடு இழுத்து முழு மதிப்பெண் வாங்கினேன்.
இருபத்தைந்தாம் தேதி
ஒரு வயலுக்கும் தண்ணீர் வரவில்லை.
அன்றைக்குத்தான் அம்மா
தோட்டை அடகு வைத்து
நாற்றங்காலுக்கு டீசல் என்ஜின் பிடித்தது.

தமிழுக்கு
முன்னுரைக்கும் முன்னால் ஒரு மேற்கோள் வேண்டுமாம்.
காவிரியைத் தாயென்று சொல்லாத வரி ஒன்றைத்
தேடிக்கொண்டிருந்தேன்.
நூலகத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆங்கில வகுப்பில்தான் தெரிந்தது,
பேசக் கேட்டதையும் நூற்பட்டியலில் சேர்க்கலாம்,
குடும்பப் பெயர் முதலில், பிறகு காற்புள்ளி.
குடும்பப் பெயருக்கு எங்கே போக?
'அடைக்கலம், சூ. நேர்காணல். பாமணியாற்று மதகு.'
அகர வரிசை அவரைப்
பொதுப்பணித் துறைக்கு மேலே உட்கார வைத்தது.

மிச்சம் விழுமியக் கல்வி.
'ஆய்வு எழுதி நீ கற்றது என்ன?
ஒரு பக்கம். ஆதாரம் தேவையில்லை.'
தேவையில்லை என்றதும்
பேனா நின்றுவிட்டது. மூன்று நாள்.

நேற்று சைக்கிளை மதகில் சாய்த்து
அச்சிட்ட தாளை அவரிடம் நீட்டினேன்.
'எம்பேரு எது?'
தொட்டுக் காட்டினேன்.
'கீழ யாரு?'
'உங்க ஆபீஸ்.'
தாளைத் தள்ளிப் பிடித்துச் சிரித்தார்.
பிறகு தண்ணீரைப் பார்த்தபடி,
'இருபத்தெட்டோ என்னமோ பாப்பா.
இருட்டுதான் நல்லா ஞாபகம் இருக்கு.'