அடுத்த தகவல் இரண்டு மணிக்கு

டார்பெர்ட் துறையில் என் வேலை
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
இல்லை என்று சொல்வது.
காலைக் கப்பல் இல்லை.
காற்று தென்கிழக்கு, அலை நாலு மீட்டர்.
அடுத்த தகவல் இரண்டு மணிக்கு.

மரியாதையாகச் சொல்லப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.
கப்பல் எப்போது வரும் என்று மட்டும்
வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது.

மேசை இழுப்பறையில், டிக்கெட் சுருள்களுக்கு அடியில்,
என் நாவலின் நகல்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அசல் கிளாஸ்கோவுக்குப் போய்ப் பதினான்கு மாதம்.
"கிடைத்தது, படிக்கிறோம்" என்று ஒரு வரி வந்தது,
போன வருஷம் ஆட்டுக்குட்டிகள் பிறந்த வாரத்தில்.
அந்தக் குட்டிகளைத் தின்றும் முடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ருவரி மகாஸ்கில் கண்ணாடியைத் தட்டினான்.
லாரி நிறைய உயிருள்ள இறால்,
ஸ்பெயினுக்குப் போக வேண்டியது.
ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளாதபடி
ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய்.
"உன் பொறுமையை நீயே வைத்துக்கொள், ஷோனாக்.
இதுகளுக்கு நாளைச் சாயங்காலம் வரைதான்."

பொறுத்தவர் பூமியை ஆள்வார் என்பது
இறாலுக்குப் பொருந்தாது.
வேறு பதில் என்னிடம் இல்லை.

அன்றிரவு நான் ஜெபிக்கவில்லை. புகார் கொடுத்தேன்.
ஆண்டவரே,
நானாவது இரண்டு மணி என்று சொல்கிறேன்.
நீர் அதுகூடச் சொல்வதில்லை.
உம்முடைய கண்ணாடிக்குப் பின்னால்
யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

கூரையில் ஓர் ஓடு ஆடியது.
அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள
நான் அவ்வளவு பக்திக்காரி இல்லை.

ஞாயிறு.
எங்கள் சபையில் ஆர்கன் கிடையாது.
தொர்மொட் எழுந்து நின்று ஒற்றைக் குரலில்
சங்கீதத்துக்கு அடியெடுத்துக் கொடுப்பார்.
பிறகுதான் நாங்கள்.
அதுவும் சேர்ந்தல்ல.
பட்டறைக்கார அங்கஸ் முந்துவான்.
பெய்கி ஒரே சொல்லை,
பாறையைச் சுற்றும் தண்ணீர் போல
சுற்றிச் சுற்றி வருவாள்.
யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.
முப்பது பேர், முப்பது வேகம்.
கடைசிக் குரல் கரை தொடும் தறுவாயில்தான்
அடுத்த வரி.

நாற்பத்தாறு வருஷமாக இப்படித்தான் பாடுகிறேன்.
அன்று தொர்மொட் வரியைக் கொடுத்துவிட்டு
இருமினார், கைக்குட்டையைத் தேடினார்.
தொடங்கலாமா கூடாதா என்று
நாங்கள் வாயைப் பாதி திறந்து நின்றோம்.
வரி எங்கள் தலைக்கு மேலே இருந்தது.
கொடுத்தாயிற்று,
இன்னும் யாரும் பாடவில்லை.

அந்த இடைவெளி காலியாக இல்லை.
அது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.
இருட்டறைக்குள் நுழைந்ததும்
வேறொருவர் மூச்சுவிடுவது தெரியுமே,
அப்படி.

திங்களும் அதே காற்று.
ருவரியின் இறாலில் பாதி செத்துப்போனது.
மிச்சத்தை வீடு வீடாகக் கொடுத்தான்,
எனக்கும் ஒரு பை, முகத்தைப் பார்க்காமலே.
இதில் என்ன பாடம் என்று என்னைக் கேட்காதீர்கள்.
வெண்ணெயில் வதக்கித் தின்றேன்,
ஸ்தோத்திரம் சொல்லித்தான்,
கொஞ்சம் தொண்டையில் சிக்கியது.

செவ்வாய். கிளாஸ்கோவிலிருந்து ஒன்றுமில்லை.
ரத்து அறிவிப்பை ஒட்டினேன்.
ஒரு தாள் கூடுதலாக அச்சாகியிருந்தது.
அதன் முதுகில் எழுதத் தொடங்கினேன்,
எதற்கு என்று தெரியாமல்,
இழுப்பறையில் இருப்பதைத் தொடாமல்:

குழாய்க்குள் ஓர் இறால்.
எதிர்ச் சுவரை மீசையால்
தடவித் தடவிப் பார்க்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு தடவல்.

அங்கே நின்றுவிட்டது. அடுத்த வரி வரவில்லை.
பேனாவை மூடவில்லை.

இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியை எடுத்தேன்.
அடுத்த தகவல், என்றேன்,
நாலு மணிக்கு.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.
நானும்.