யார் மாடு

பர்கூர் தாண்டி ஜெகதேவி சாலையில்
கருங்கல் பாலிஷ் பட்டறை. எனக்கு இரவு ஷிஃப்ட்.
தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சுற்றும் சக்கரத்தடியில்
கல் மெல்லக் கண்ணாடியாகும்.
என் முகம் அதில் தெரிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.
பிறகு மரச்சட்டம், ஸ்டிக்கர், சென்னைத் துறைமுகம்.
ஏதோ குளிர்நாட்டில்
யாருடைய பெயரையோ அதில் வெட்டுவார்களாம்.
எங்களிடமிருந்து பெயரில்லாமல்தான் போகும்.

இரண்டு போர்வெல்.
முதலாவது எண்ணூறு அடி, புழுதி.
இரண்டாவது ஆயிரத்து நூறு. அதுவும் புழுதி,
கொஞ்சம் சூடான புழுதி.
அந்தத் துளைகளுக்குத்தான் மாதாமாதம் வட்டி கட்டுகிறேன்.

இது கிருபாகரனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான்.
"துப்பாக்கியே தொட வேணாம். கிடங்கு வேலை, சமையல் வேலை.
மாசம் ரெண்டு லட்சம். ஒரே வருஷம். அந்த நாட்டுக் குடியுரிமையும் உண்டு."
யாரோடு சண்டை என்றேன்.
"அதெல்லாம் முடியப்போவுது" என்றான்.
பப்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

பதினாறு பக்கம். திருப்பிப் போட்டதுபோல் எழுத்துகள்.
கோர்ட் எதிரே ஷாஹிதா அக்கா ஜெராக்ஸ் கடைக்கு
நகல் எடுக்கத்தான் போனேன்.
அவர் தன் போனை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பிடித்தார்.
போன் தப்பும் தவறுமாகத் தமிழில் முனகியது.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்தார்.
"சேவைக்காலம் தேவை தீரும் நாள் வரை."
ஒரு வருஷம் எங்குமே இல்லை.
சமையலும் இல்லை.
அக்கா எதுவும் சொல்லவில்லை.
முப்பத்திரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

என் பெயர் வேடியப்பன்.
எங்கள் ஏரிக்கரையில் சாய்ந்து நிற்கும் கல்லின் பெயர்.
ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, நெஞ்சில் மூன்று அம்பு.
பொங்கல் வைப்போம், கிடா வெட்டுவோம்.
நான் பிளஸ் டூ படித்தபோது யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் வந்து
மாவு பூசி அந்தக் கிறுக்கலைப் படித்தார்கள்.
இன்னார் மகன், இந்த ஊர்,
தொறு மீட்டுப் பட்டான்.
அவ்வளவுதான் இருந்தது.
அவனுக்கும் கடன் இருந்திருக்கலாம். அதை யார் வெட்டுவார்கள்?
ஆனால் மாடு யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.
ஒவ்வொன்றின் கொம்பும் தெரியும்.
எய்தவன் எந்த ஊர் என்றும் தெரிந்திருக்கும்,
அந்த ஊரில் பெண்கூட எடுத்திருப்பான்.

நான் மீட்கப் போவது யார் மாடு?
ஓட்டிக்கொண்டு போனவன் யார்?
போனில் அந்த எல்லைக்கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோதுமைக் காடு. ஒரு குளம். ஓட்டு வீடு நாலு.
அங்கேயும் ஒருவன் போர்வெல் போட்டிருப்பான்.
தண்ணீர் வந்திருக்கலாம்.

கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம்
கிருபாகரன் பென்சிலால் டிக் அடித்து வைத்திருந்தான். பதினொன்று.
கடைசிப் பக்கத்துக் கட்டத்தில் மட்டும் டிக் இல்லை.
இழப்பு நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?
உறவுமுறை. முகவரி. தொலைபேசி எண்.
ருக்குவின் நம்பர் மனப்பாடம்.
ஆறு இலக்கம் எழுதினேன்.
மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்து அவளுக்கு வேலை இல்லை,
ரீசார்ஜ் தீர்ந்து பத்து நாள்,
வெளியிலிருந்து கூப்பிட்டாலும் இப்போது போகாது.
மீதி நாலு இலக்கம் அப்படியே நிற்கிறது.

இரவு இரண்டரை மணி.
கல்லில் முகம் தெளிந்து வந்தது,
மூக்கு, மீசை, தொப்பியின் விளிம்பு.
சக்கரத்தை நிறுத்தினேன்.
பாக்கெட்டில் போன் நடுங்கியது. கிருபாகரன் தூங்கவே மாட்டானா?
சூப்பர்வைசர் நஞ்சப்பன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார்.
"ஓரத்துல கீறல் இருக்குது பாரு.
இன்னொரு வாட்டி ஓட்டு."
தண்ணீரைத் திறந்தேன்.
முதலில் மீசை போனது.