கூடாது என்பது கூடாது

ப்ஸோவாஸ் என்று எழுதிக்
குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
ஃப்ரிட்ஜில் விலா எலும்புகள்.
அடுப்புக்கு மேலே, ஆவி பட்டுச் சுருண்டுபோய்,
இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள்.
நாற்பத்தாறு வயதில் மனப்பாடம் செய்வது
ஈரக் கையால் மீன் பிடிப்பது மாதிரி.
பெயர் சிக்கும்.
எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்பது
நழுவிவிடும்.

சனிக்கிழமை தேர்வு.
எழுத்துத் தாளில்கூடப் பயமில்லை,
பயிற்சிப் புத்தகத்தில்தான் இடிக்கிறது.
பிற உடல்களுக்குப் பிலாட்டீஸ் கற்பித்த மணிநேரங்கள்,
ஒவ்வொன்றுக்கும் அந்த உடலின் கையெழுத்து.
எனக்கு மூன்று மணி நேரம் குறைகிறது.
அக்காவுக்கு முழங்கால் வீக்கம்.
பேக்கரி ஃப்ளாவியா வாந்திக்கு நடுவே
கர்ப்பம் என்று ஃபோனில் சொன்னாள்.
வெளியே போரா.
த்ரியெஸ்தெயில் அந்தக் காற்று அடிக்கும் வாரத்தில்
இலவசப் பாடம் என்றாலும்
ஒருவரும் மேடேறி வருவதில்லை.

லிவியோவைக் கூப்பிட்டேன்.
விவாகரத்தாகி ஆறு வருடம்.
"என்ன உடைந்தது?" என்றான், எடுத்த எடுப்பில்.
"ஒன்றும் இல்லை. உன் முதுகு வேண்டும்."
கொஞ்சம் மௌனம்.
"சாப்பாடு உண்டா?"

துறைமுகத்துக் காப்பிக் கிடங்கில் இப்போது ஃபோர்க்லிஃப்ட்.
அதற்கு முன் பதினெட்டு வருடம் தோள்.
கோட்டைக் கழற்றினான்.
சாக்கும் பச்சைக் கொட்டையும் கலந்த அந்த வாசம்
அப்படியே இருந்தது.
"நேராக நில்."
"நிற்கிறேனே."
நிற்கவில்லை.
வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கி,
அதைச் சமாளிக்க இடுப்பு இடப்பக்கம் ஒதுங்கி,
தலை மட்டும் ஒன்றுமறியாததுபோல் நடுவில்.
பதினோரு வருடம் இந்த முதுகுக்குப் பின்னால் படுத்திருந்தேன்.
திரும்பிப் படுத்துக்கொள்கிறான் என்று மட்டும் தெரிந்தது.
எப்படித் திரும்பினால் வலிக்காது என்று
அவன் தேடிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

தேர்வில் தொடக் கூடாது.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
வாயால் மட்டுமே ஓர் உடலை நகர்த்த வேண்டும்.
அதிலும் கூடாது, வேண்டாம் என்பவை கூடாது.
தோளைத் தூக்காதே என்றால் தோள்தான் முதலில் தூக்கும்.
உடலுக்கு எதிர்மறை புரியாது
என்கிறது பாடநூலின் நாற்பத்திரண்டாம் பக்கம்.
நான் இவனிடம் பேசிய பாஷையில் வேறென்ன இருந்தது?
ஜன்னலைத் திறக்காதே. அம்மாவிடம் சொல்லாதே.
ஈரச் செருப்போடு உள்ளே வராதே.
கடைசியில் ஒருநாள்,
வராதே.

"மூச்சை அடக்கா—"
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"விலா இரண்டும் பக்கவாட்டில் விரியட்டும். குடை மாதிரி."
"இந்தக் காற்றிலா?" என்றான்.
சிரித்ததில் விலா விரிந்தது.
"அதுதான், அதுவேதான்" என்றேன்.

முதுகெலும்பை ஒவ்வொன்றாகப்
பாயிலிருந்து உரித்து எடுக்கச் சொன்னேன்.
ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கச் சொன்னேன்.
நடுவில் நாலு, ஒரே மூட்டையாகத் தொப்பென்று விழுந்தன.
இன்னொரு முறை. இன்னும் மெதுவாக.
மூன்றாம் முறை
கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து வந்து
பாயைத் தொட்டது.
"நிவெஸ், இது என்னது?"
கண்ணைத் திறக்காமல் கேட்டான்.
"பன்னிரண்டாவது" என்றேன்.
அதற்கு மேல் சொல்ல
எந்தப் பக்கத்திலும் எனக்கு வார்த்தை இல்லை.

இளைப்பாறச் சொன்னேன். தூங்கிவிட்டான்.
ஜன்னல் பலகை அடித்துக்கொண்டது. யோட்டா சூப் ஆறியது.
பயிற்சிப் புத்தகத்தில் உறவு என்று ஒரு கட்டம்.
முன்னாள் என்று எழுதி, அடித்து,
வலது தோள் என்று எழுதினேன்.
நேரம்: அறுபது நிமிடம் என்று போட்டால் யாருக்குத் தெரியும்?
இருபத்தைந்து என்று போட்டேன்.
தூங்குகிறவனுக்கு நான் ஒன்றும் கற்பிக்கவில்லை.

விழித்ததும் கையெழுத்திட்டான்.
"இரண்டு மணி முப்பத்தைந்து பாக்கி" என்றான்,
மூட்டை எண்ணும் குரலில்,
ஸ்பூனை எடுத்தபடி.
தோள் இறங்கியது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கிண்ணத்தை மட்டும்
சற்றே இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.