சுண்ணாம்பு வரும் வழி

கால்சியம் என்றால் என்னம்மா என்று கேட்டேன்.
மருந்துச் சாளரத்துக்குப் பின்னால்
பிரவீணா என்று பெயர்ப்பட்டை.
தமிழை எங்கோ மேல் தட்டில் வைத்திருந்த பிள்ளை,
எட்டி எடுத்து, தூசி தட்டி,
"சுண்ணாம்பு, அங்கிள்" என்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முப்பத்தொரு வருஷம்
ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ்,
எத்தனை புளோக், எத்தனை மாடி,
தொங்கும் தட்டில் நின்று சாயம் அடித்தவன் நான்.
எனக்குள்ளேயே ஒருத்தன்
வெள்ளையடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அது கெட்டதில்லை என்றது பிள்ளை.
ஒவ்வொரு துடிப்புக்கும்
கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளே போகணும்,
போனால்தான் தசை இறுகும்.
கூடிப்போனால்
விரல்களை மடக்கிக் காட்டியது:
திறக்க மறந்த கை.
இந்த மாத்திரை வாசலில் நிற்கும்.
எல்லாரையும் மறிக்காது.
கொஞ்சம் பேரை. கொஞ்ச நேரம்.

பக்கத்துக் கட்டில் ரோஸ்லானுக்கு வேறு மாத்திரை.
நெஞ்சடைப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுதானாம்.
எனக்கு ஆகாது;
பள்ளிக்கூட நாளிலிருந்தே இளைப்பு,
மூச்சுக்குழல் நெரிந்துவிடும் என்றார் டாக்டர்.
இதயம் இன்னும் நன்றாகப் பிழிகிறது,
அதனால் இதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.
ஆயுசுக்கும் நான் திட்டிய இளைப்பு
எனக்காக அறைக்குள் போய்
மருந்து தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது.

மூன்றாம் வாரம் கணுக்கால் உப்பியது.
காலுறையைக் கழற்றினால் ஒரு பள்ளம்,
காயாத சுவரில் யாரோ விரல் வைத்த மாதிரி.
மலச்சிக்கலையெல்லாம் கவிதையில் எழுதாதீங்கப்பா
என்கிறான் மகன்.
எழுதிவிட்டேன்.

பிறகு நிலாப் பண்டிகை.
ஏழாம் மாடி மேடம் குவா
இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்
ஒரு பம்பளிமாஸ்,
குழந்தையின் தலை அளவு.
நான் மாத்திரைப் பெட்டியைத் திருப்பிக் காட்டினேன்:
பிரவீணா ஒட்டிய சிவப்புச் சீட்டு,
இந்த வகைப் பழம் கூடாது,
மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும்.
மேடம் குவா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி
சீட்டைப் படித்தார்.
தன் பையைத் துழாவி
அதே சிவப்புச் சீட்டு ஒட்டிய பெட்டியை
மேசைமேல் வைத்தார்.
"எனக்கும் ஆகாது," என்றார் மலாயில்.
"அதனால்தான் உனக்குக் கொண்டுவந்தேன்."

சிரித்தோம், நாற்காலி நகரும் அளவுக்கு.
பாதிச் சிரிப்பில்
நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.
ஒன்றுமில்லை.

எதிர் புளோக்கில் சாயம் நடக்கிறது.
தட்டு கீழே இறங்கியபோது
நானும் மேடம் குவாவும் மின்தூக்கியில் போய்
பழத்தை அந்த வங்காளப் பையனிடம் கொடுத்தோம்.
ஜஹாங்கீராம்.
தாகமாயிருந்திருக்கும்,
கட்டைவிரலாலேயே தோலைப் பிளந்தான்.

ஆறாம் மாடியில் ஒரு சன்னல் ஓரம்
விட்டுப்போயிருக்கிறது என்று
சொல்லாமல் வந்துவிடத்தான் நினைத்தேன்.
சொல்லிவிட்டேன்.
மேலே பார்த்தான், சுளையை மென்றபடி.
பார்த்துக்கொண்டேயிருந்தான்.
பிறகு தலையாட்டினான்.