பழைய எண், புதிய எண்

பிழை: வரி 61.
'கொள்ளளவு' என்ற பெயர் தெரியவில்லை.

வரி 61 காலி.
ஒரு புள்ளிகூட இல்லை.
காலி வரிக்கு எந்தப் பெயரும் தெரியாதுதான்,
அதை ஒரு குற்றமாகச் சொல்வார்களா?

இரவு பத்தே முக்கால், ராயப்பேட்டை.
காலை ஆறுக்கு முதல் தண்ணி லாரி.
எந்தத் தெருவுக்கு எத்தனை லிட்டர் என்று
இந்த நிரல் சொன்னால்தான்
ஓட்டுநர் சாவியைத் தொடுவார்.

61ஐ அழித்தேன்.
பிழை 60இல் போய் உட்கார்ந்தது.
உச்சியில் நான்கு வெற்று வரி சேர்த்தேன்.
64 என்றது.
கடன்காரன் மாதிரி
அதே இடைவெளி விட்டு
பின்னாலேயே வருகிறது.

இத்தனைக்கும் கொள்ளளவு மேலேயே இருக்கிறது.
கொள்ளளவு = 9000.
என் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன்.
உரக்க வாசித்தும் காட்டினேன்,
மின்விசிறிக்கு.

போன் அடித்தது.
"மேடம், 31னுதானே போட்டிருக்கீங்க?
31 வாசல்லதான் நிக்கிறேன்.
பூட்டின அச்சாபீஸ் ஒண்ணு, ஒரு நாய்."

"அது பழைய 31.
புது 31 எதிர்வரிசை. பழைய 14."

"கதவுல 14னு இருந்தா மணி அடிக்கவா வேணாமா?"

"அடிங்க" என்றேன்,
வைத்தேன்,
திரையைப் பார்த்தேன்.

நீ எந்த எண்ணைச் சொல்கிறாய்?

கோப்பைத் தோலுரித்தேன், பைட் பைட்டாக.
வரி முடியும் இடமெல்லாம் 0A.
0A, 0A, 0A, ஒழுங்கான தெரு.
பதினேழு வரி தாண்டியதும்
0D.
0D மட்டும்.
எண்ணினேன், இருபத்து மூன்று.

அம்பத்தூர் தேவசகாயம் சார்
தன் பழைய கணினியிலிருந்து வெட்டி ஒட்டிய பகுதி.
'திரும்பு' என்று ஒரு குறி, 'இறங்கு' என்று ஒரு குறி.
அவருடையது
இடக்கோடிக்குத் திரும்பியதோடு சரி,
இறங்கவே இல்லை.

என் திரை போனால் போகிறதென்று
அதையும் புது வரியாகக் காட்டியது.
தொகுப்பானுக்கு அந்தத் தாராளம் கிடையாது.
அதற்கு அது முழுக்க ஒரே வரி.
அந்த ஒரே வரியின் தலையில்
இரட்டைச் சாய்கோடு போட்டு
'இது தேவசகாயம் சேர்த்தது' என்று
பணிவாக ஒரு குறிப்பு.

ஆக, அதன்பின் வந்த எல்லாமே குறிப்பு.
லாரிகள் குறிப்பு, வார்டுகள் குறிப்பு,
ஒன்பதாயிரம் லிட்டரும்
படித்துவிட்டுப் போகலாம், குடிக்க முடியாது.

அறுபத்தொன்றோடு இருபத்து மூன்று, எண்பத்து நான்கு.
என் எண்பத்து நான்காம் வரியில்
கொள்ளளவு, கொள்ளளவு என்று
யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
நான்தான் எழுதியது.

மணி அடித்தது.
சால்னா பையில் பாதி கசிந்திருந்தது.
"ரெண்டு நம்பரையும் போடுங்க மேடம், புண்ணியமாப் போகும்"
என்றார் அந்தப் பையன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

கைகழுவாமல் இருபத்து மூன்றையும் மாற்றினேன்.
ஓட்டினேன்.

பிழை: வரி 112.

சந்தேகத்தோடுதான் போனேன்.
112இல் நிஜமாகவே இருந்தது,
ஒரு காற்புள்ளி குறைவு.
என்னுடையது.